அழித்தாலும் அகப்படும்!

அமெரிக்காவில் விசிட்டா என்று ஒரு நகரம். அங்கே 10 பேரைக் கொன்றவன், 30 ஆண்டுகளுக்கு மேல் போலீசிடம் சிக்கவில்லை. 2005-ல் ஒரு 'பிளாப்பி' தகட்டில் சேதி அனுப்பினான். அதில் அவன் முன்பே அழித்திருந்த எழுத்தைப் போலீசார் தோண்டி எடுத்தனர். "டென்னிஸ்" என்ற பெயர் கிடைத்தது. ஆசாமி கைது!

இந்த வித்தைக்குப் பெயர் 'டிஜிட்டல் தடயவியல்'. குஜராத்தில், காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு உண்டு.

"மகனுக்குக் கம்ப்யூட்டர் அத்துபடி. சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். அது மட்டும் போதாது. பொறுமை வேண்டும். கைப்பற்றிய செல்போனை அவசரப்பட்டுத் தட்டினால் சாட்சியமே கெட்டுவிடும். அச்சு அசலாக நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேடவேண்டும். இதில் தவறினால் நிரபராதி ஜெயிலுக்குப் போவான்!

வீட்டு வரவு-செலவில் ஒரு ரூபாய் உதைத்தாலும் தூங்காமல் தேடும் மகள் இருக்கிறாளா? அவளைச் சேருங்கள்!