ஐயங்கார்குளம்: ஒரு நாள் திருவிழாவும் மீதி 364 நாட்களும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டிப் போனால் வருகிற சிறு கிராமம் ஐயங்கார்குளம். சித்ரா பௌர்ணமி அன்று இந்த ஊரில் நிற்க இடம் கிடைக்காது. காஞ்சி வரதராஜப் பெருமாள் செவிலிமேடு, தூசி, அப்துல்லாபுரம் என்று ஊர் ஊராக மரியாதை வாங்கிக்கொண்டு இங்கே வந்து சேருவார். வழியெங்கும் பந்தல், மோர், அன்னதானம்... மறுநாள்? அடுத்த சித்திரை வரை வெளியூர்க்காரர் பலருக்கு இந்த ஊரின் பெயர்கூட நினைவிருக்காது.

இந்த ஊரின் பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயர் (1586-1614) காலத்தில் வாழ்ந்தவர் லக்ஷ்மிகுமார தாத்தாச்சாரியார். மன்னருக்கு ராஜகுரு. வரதராஜர் கோயில் நிர்வாகத்தையும் கவனித்தவர். இங்குள்ள சஞ்சீவிராயர் கோயிலும் அதை ஒட்டிய பெரிய குளமும் அவர் பெயரைத்தான் சொல்கின்றன. கோயிலுக்காகக் கொண்டுபோன பொருளைத் திருடர்கள் மறித்தபோது குரங்குகள் வந்து காப்பாற்றின, அந்த நன்றிக்கே அனுமனுக்குக் கோயில் எழுந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வெட்டிய குளம் உண்மை!

கொஞ்சம் தள்ளி நடவாவிக் கிணறு. வாவி என்றால் நீர்நிலை. நடந்தே இறங்கலாம் என்பதால் நடவாவி. படிகளில் இறங்கினால் பூமிக்கடியில் தூண்கள் சூழ்ந்த மண்டபம், அதன் நடுவே கிணறு. வருடம் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் மண்டபத்தைத் திருவிழாவுக்காக நீரை இறைத்து வெளிக்கொண்டு வருவார்கள். பெருமாள் உள்ளே இறங்கிக் கிணற்றைச் சுற்றி வருவார்.

குஜராத்தில் பாடன் நகரில் உள்ள ராணி கி வாவ் இதே வகைதான். 'வாவ்', 'வாவி' இரண்டும் ஒரே சொல் குடும்பம். அது 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2018-ல் நூறு ரூபாய் நோட்டிலும் ஏறியது. அது இதைவிடப் பல நூற்றாண்டு பழையது, அளவிலும் பெரியது. இரண்டும் சமம் என்று வாதாட வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் கிடைத்த கவனத்தில் நூறில் ஒரு பங்காவது இதற்கு வேண்டாமா?

கவனம் என்றால் சுற்றுலாப் பேருந்து அல்ல, பராமரிப்பு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எந்தச் சொத்துக்கும் வருடா வருடம் ஒரு தொகை ஒதுக்காவிட்டால் ஒரு நாள் ஏட்டில் மட்டுமே சொத்து மிஞ்சும். குளமும் கிணறும் அப்படித்தான். ஒரு நாளுக்காக இறைத்துச் சுத்தம் செய்வது பராமரிப்பு ஆகாது.

"அது கோயில் சமாச்சாரம், ஊர் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். பதில் இதே மாவட்டத்தில், உத்திரமேரூர் கல்வெட்டில் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்க்கவே தனியாக ஏரி வாரியம். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது!

அதை அப்படியே புகழவும் கூடாது. நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை அது. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் இடமில்லை. இன்றைய கிராம சபையில் ஊரின் வாக்காளர் எல்லோரும் உட்காரலாம். 2022 முதல் தமிழகத்தில் வருடத்துக்கு ஆறு கூட்டங்கள், அதில் ஒன்று மார்ச் 22, உலக தண்ணீர் தினம். அன்று இந்தக் குளத்துக்கும் கிணற்றுக்கும் ஒரு குழு அமைத்து, செலவுக் கணக்கை எல்லோர் முன்பும் படிக்கலாமே? கோயிலின் பூஜை கோயிலோடு இருக்கட்டும். தண்ணீர் ஊருக்குப் பொது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று தொழிற்சாலை வேலைக்குப் பிள்ளைகள் போகிற காலம் இது. இப்போது இருக்கும் பெரியவர்களுக்கு வரத்துக் கால்வாய் எது, மதகு எது என்று தெரியும். அவர்களோடு அது போய்விட்டால் எந்தப் புத்தகத்தில் தேடுவது?

பெருமாள் வருடத்துக்கு ஒரு முறை வந்து போகிறவர். ஊர்க்காரர்கள் அங்கேயே இருப்பவர்கள். மீதி 364 நாட்களும் அவர்கள் பொறுப்பு.