டெக்னாலஜி ஜெயிக்கும், உங்க ஷேர் ஜெயிக்குமா? மோசர் பேர் கதை



போனஸ் வர்ற சீசன்ல என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "சார், மெமரி, ஸ்டோரேஜ் இதெல்லாம்தான் அடுத்த பத்து வருஷம்னு சொல்றாங்களே, ஒரு நல்ல ஷேர் சொல்லுங்க." கேக்குறதுல தப்பில்ல. 2025 பிப்ரவரியில வெஸ்டர்ன் டிஜிட்டல்ல இருந்து பிரிஞ்சு தனியா லிஸ்ட் ஆன சான்டிஸ்க், அந்த வருஷம் முடியறதுக்குள்ள பல மடங்கு ஏறிடுச்சு. பென்டிரைவ்ல பேர் பார்த்த கம்பெனி இப்படி ஏறினா யாருக்குத்தான் ஆசை வராது?

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். டேட்டா சேமிக்கிற தேவை கூடிக்கிட்டேதான் போகும். ஆனா அதை மட்டும் நம்பி ஒரே கம்பெனி ஷேர்ல போனஸ் முழுசையும் போடக் கூடாது. பொருள் ஜெயிக்கிறது வேற, பங்குதாரர் ஜெயிக்கிறது வேற. இதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு கதை இருக்கு.

28 ரூபாய் சி.டி. ஞாபகம் இருக்கா?

விருதுநகர் பஜார்லயும் சிவகாசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயும் தமிழ்ப் பட வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் வித்த காலம் ஒண்ணு இருந்துச்சு. அதைக் கொண்டு வந்தது மோசர் பேர். நம்ம கரிசல் பக்கத்துக் கதையான 'பூ' படத்தோட (2008) தயாரிப்புலயும் அந்தப் பேரைப் பார்க்கலாம்.

1983-ல தீபக் பூரி டெல்லியில ஆரம்பிச்ச கம்பெனி இது. ஃப்ளாப்பி செஞ்சாங்க. அப்புறம் சி.டி., அதுக்கப்புறம் டி.வி.டி. ஒரு கட்டத்துல உலகத்துலயே பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்கள்ல ஒருத்தரா நின்னாங்க. சீனா, தைவான் கம்பெனிகளோட நேருக்கு நேர் மோதின இந்தியக் கம்பெனின்னு சந்தையில நல்ல பேரு.

அடுத்து வந்தது ப்ளூ-ரே. சி.டி.யில 700 எம்.பி., டி.வி.டி.யில 4.7 ஜி.பி., ப்ளூ-ரேயில 25 ஜி.பி. போட்டிக்கு நின்ன எச்.டி. டி.வி.டி.யை 2008 பிப்ரவரியில தோஷிபா கைவிட்டுச்சு. கணக்கு ரொம்பச் சுலபமாத் தெரிஞ்சது: ஃப்ளாப்பி போய் சி.டி. வந்துச்சு, சி.டி. போய் டி.வி.டி. வந்துச்சு, இனி எல்லாரும் ப்ளூ-ரேதான் வாங்குவாங்க.

ப்ளூ-ரே அந்தப் போட்டியில ஜெயிச்சது உண்மை. ஆனா ஜனங்க அதுக்குள்ள டிஸ்க்கையே விட ஆரம்பிச்சுட்டாங்க. படம் பென்டிரைவ்ல ஏறுச்சு, அப்புறம் இன்டர்நெட்ல வந்துச்சு. மோசர் பேர் சோலாருக்கும் போச்சு. அங்கயும் விலை சரிஞ்சது. 2007-ல வெளிநாட்டுல வாங்கின கன்வெர்டிபிள் பாண்டை 2012 ஜூன்ல திருப்பிக் கட்ட முடியல. 2017-ல திவால் நடவடிக்கை, 2018 செப்டம்பர்ல கம்பெனியைக் கலைக்கச் சொல்லி தீர்ப்பாயத்தோட உத்தரவு.

வித்தது கூடினா லாபம் கூடுமா?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு டிஸ்க் 10 ரூபாய்க்கு விக்குது, செலவு 8 ரூபாய். ஒரு கோடி டிஸ்க் வித்தா லாபம் 2 கோடி. அடுத்த வருஷம் போட்டியில விலை 7 ரூபாய் ஆகுது, செலவு 6.50. இப்போ ரெண்டு கோடி டிஸ்க் வித்தாலும் லாபம் ஒரு கோடிதான். விற்பனை எண்ணிக்கை டபுள், லாபம் பாதி. பேங்க் வட்டி மட்டும் அப்படியே நிக்கும்.

இது நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசு இல்ல. தீபாவளிக்கு மறுநாள் அதே பட்டாசுக்கு என்ன விலை கிடைக்கும்னு கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க. ஸ்டோரேஜ் தொழில்ல ஒவ்வொரு வருஷமும் ஒரு தீபாவளி முடியுது.

மாற்றுப் பொருள் வந்தா என்ன ஆகும்னும் நமக்குத் தெரியும். தீப்பெட்டி விலை 1 ரூபாய்ல இருந்து 2 ரூபாய் ஆக 14 வருஷம் ஆச்சு (2007-லிருந்து 2021). நடுவுல பிளாஸ்டிக் லைட்டர் வந்து உட்கார்ந்துக்கிச்சு. 20 ரூபாய்க்குக் குறைஞ்ச லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை பண்ண 2023 ஆச்சு. நெருப்போட தேவை குறையவே இல்ல, தீப்பெட்டிக்காரருக்குத்தான் கஷ்டம்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். 1995-ல ஐயோமெகா கொண்டு வந்த ஜிப் டிரைவ்ல 100 எம்.பி. பிடிக்கும், ஃப்ளாப்பியில வெறும் 1.44. ஷேர் ராக்கெட் மாதிரி ஏறி 1996-ல உச்சம் தொட்டுச்சு. சி.டி. ரைட்டர் மலிவானதும் இறங்குமுகம். 2008-ல ஈ.எம்.சி. அந்தக் கம்பெனியையே சுமார் 21 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு.

"சான்டிஸ்க்ல சம்பாதிச்சாங்களே சார்?"

ஆமா, சம்பாதிச்சாங்க. ஆனா மெமரி தொழில் ஏத்தமும் இறக்கமும் உள்ள ராட்டினம். 2023 நிதியாண்டுல மைக்ரான் மாதிரி பெரிய கம்பெனியே சுமார் 580 கோடி டாலர் நஷ்டம் காட்டுச்சு. அப்போ யாரும் நமக்கு டிப்ஸ் அனுப்பல. ஏறி முடிஞ்ச பிறகுதான் வாட்ஸ்அப்ல செய்தி வரும்.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

1. விலையை யார் முடிவு பண்றாங்க? கம்பெனியா, சந்தையா? பத்துப் பேர் அதே பொருளைச் செஞ்சா பதில் சந்தைதான்.

2. கடன் எவ்வளவு? ஆண்டறிக்கையில லாபத்தை மட்டும் பார்க்காதீங்க. வட்டிச் செலவையும், தொழில்ல இருந்து உண்மையா வர்ற பணத்தையும், அதாவது கேஷ் ஃப்ளோவையும் பாருங்க.

3. இதுக்குப் பதிலா என்ன வரலாம்? "எதுவும் வராது"ன்னு ஒருத்தர் சொன்னா அவர் விக்க வந்தவர்.

மூணுக்கும் பதில் கிடைச்சாலும், ஒரே பங்குல உங்க மொத்த முதலீட்டுல 5 சதவீதத்துக்கு மேல வேண்டாம்ங்கிறது என் கருத்து. 6 மாசச் செலவுக்கான பணம், டேர்ம் இன்சூரன்ஸ், இன்டெக்ஸ் ஃபண்டுல எஸ்.ஐ.பி. இதெல்லாம் முதல்ல. மிச்சத்துல ஆசை தீர வாங்குங்க.

சம்பளக்காரங்க கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்

மோசர் பேர் கலைக்கப்பட்டப்போ ஊழியர் சங்கம் வழக்கு போட்டுச்சு. பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதி பாக்கி எல்லாம் கடன்காரங்களுக்குப் பங்கு போடுற சொத்துல சேராது, ஊழியருக்குத்தான்னு 2019-ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதை 2023-ல உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சது. எதிர்த்து நின்னது ஸ்டேட் பேங்க்.

பங்குதாரர் எங்கே இருந்தார்? திவால் சட்டப்படி வரிசையில கடைசி ஆள் அவர்தான். பேங்க், ஊழியர், அரசாங்கம் எல்லாரும் போக மிச்சம் இருந்தா அவருக்கு.

நீங்க "போரிங்"னு நினைக்கிற பி.எஃப்.புக்குச் சட்டம் காவல் நிக்குது. "சூப்பர்"னு நினைக்கிற ஷேருக்கு நீங்கதான் காவல். போனஸை எங்க போடுறதுன்னு முடிவு பண்ணும்போது இந்த வரிசையை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

இது என் தனிப்பட்ட கருத்து. எந்தப் பங்கையும் வாங்கவோ விக்கவோ சொல்லல. முடிவெடுக்கும் முன்னாடி செபியில பதிவு பெற்ற ஆலோசகரைக் கேளுங்க. அடுத்த வீடியோவுல ஆண்டறிக்கையில கேஷ் ஃப்ளோ பக்கத்தை எப்படிப் படிக்கிறதுன்னு பார்ப்போம்.