வெளியேற்றத்தைக் கடந்த சபை

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களிடையே கிறிஸ்தவம் வேரூன்றிய கதையை மிஷனரிகளின் வருகையிலிருந்து தொடங்குவது வழக்கம். 1801இல் மொராவியர் என்னும் புராட்டஸ்டன்ட் சபையினர் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்பிளேசில் குடியேறினர். 1817இல் அமெரிக்கன் போர்டு என்னும் மிஷனரி அமைப்பு, இன்றைய சாட்டனூகா அருகே பிரெய்னர்டில் மிஷன் வளாகம் அமைத்தது. ஓராண்டு முன்புதான் அதே போர்டு யாழ்ப்பாணத்திலும் பணியைத் தொடங்கியிருந்தது. இரு இடங்களிலும் விடுதிப் பள்ளி, ஆங்கிலப் பாடம், பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் என்று ஒரே முறைதான்.

இந்த முறை கற்றவர்களை உருவாக்கியது; கூடவே தனித்தவர்களையும் உருவாக்கியது. ஊர்க்கூத்திலிருந்தும் பந்தாட்டத்திலிருந்தும் விலகிய விசுவாசியை வெள்ளையர் சமூகமும் தன்னவனாக ஏற்கவில்லை. கனெக்டிகட்டின் கார்ன்வால் மிஷன் பள்ளியில் படித்த செரோக்கி இளைஞர் எலியாஸ் பூடினாட், அவ்வூர்ப் பெண் ஹேரியட் கோல்டை மணக்க முன்வந்தபோது, ஊரார் உருவபொம்மை எரித்தார்கள். 1826இல் திருமணம் நடந்தது, பள்ளி மூடப்பட்டது. ஒரே வேதத்தைப் படித்தவர்களிடையிலும் இனக்கோடு அப்படியே இருந்தது.

தனிமையை உடைத்த கருவி மிஷன் வளாகத்துக்கு வெளியே பிறந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத செரோக்கியரான செகோயா 1821இல், நம் உயிர்மெய் போல அசைக்கு ஒரு குறியாகச் செரோக்கி எழுத்தை முழுமையாக்கினார். பள்ளி வாசலை மிதிக்காதவர்களும் சில ஆண்டுகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படித்துவிட்டார்கள். அச்சகம் வருமுன்பே செரோக்கி விசுவாசி ஜான் ஆர்ச் பெயர்த்த யோவான் நற்செய்திப் பகுதிகள் கையெழுத்துப் பிரதிகளாகச் சுற்றின. 1828இல் பூடினாட்டை ஆசிரியராகக் கொண்டு 'செரோக்கி பீனிக்ஸ்' இதழும், மறுஆண்டு பாடல் புத்தகமும் செரோக்கித் தலைநகர் நியூ எக்கோட்டாவில் அச்சாயின. வட கரோலினா மலைப் பள்ளத்தாக்குகளில் வேல்ஸ்காரரான பாப்டிஸ்ட் மிஷனரி இவான் ஜோன்ஸ் செரோக்கி மொழி கற்று ஊர் ஊராகச் சுற்றினார். ஜெஸ்ஸி புஷிஹெட் போன்ற செரோக்கிப் போதகர்கள் தங்கள் மொழியிலேயே பிரசங்கித்தார்கள்.

சோதனை 1838இல் வந்தது. ஏறத்தாழ 16,000 செரோக்கிகள் அமெரிக்க அரசால் சொந்த மண்ணிலிருந்து மேற்கே பெயர்க்கப்பட்டார்கள். சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கருதப்படுகிறது. வளாகங்கள் கைவிடப்பட்டன, சபையோ மக்களோடு நடந்தது. அடைப்பு முகாம்களில் ஆராதனையும் ஞானஸ்நானமும் நடந்தன. மேற்கே நடந்த பயணத்தில் புஷிஹெட் ஓர் அணியை வழிநடத்தினார். ஜோன்ஸ், செரோக்கித் தலைவர் சிட்டுவாக்கீயோடு இன்னோர் அணியில் சென்றார். இன்றைய ஓக்லஹோமாவில் அவர்கள் மறுபடி சபை கூட்டினார்கள்.

இதைப் பழுதற்ற ஒற்றுமையாகச் சித்திரித்தால் வரலாற்றுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். அமெரிக்க அரசுடனான வெளியேற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பூடினாட் 1839இல் சொந்த மக்களாலேயே கொல்லப்பட்டார். செரோக்கிகளிலும் அடிமைகளை வைத்திருந்தோர் உண்டு; அந்தக் கேள்வியில் சபைகள் பிளந்தன. அடிமை உடைமையாளர்களை ஜோன்ஸின் பாப்டிஸ்ட் சபைகள் விலக்கின.

அந்தப் பிளவுகளையும் தாண்டி செரோக்கிப் பாப்டிஸ்ட் சபைகள் ஓக்லஹோமாவில் இன்றும் இயங்குகின்றன. அவற்றில் செரோக்கிப் பாடல்கள் ஒலிக்கின்றன. கட்டடமும் நிதியும் வெளியிலிருந்து வரலாம். ஆனால் போதிப்பவரும் பாடுபவரும் முடிவெடுப்பவரும் அந்த மக்களாகவே இருந்த இடத்தில்தான் சபை நிலைத்தது. சமூகத்தைக் கட்டியெழுப்ப வருவோர் முதலில் ஒப்படைக்க வேண்டியது அதிகாரத்தை.