மட்டை கொடுத்தது போதும், தரை கொடுங்கள்

கழகம் என்றதும் கட்டடத்தையும் நிர்வாக சபையையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் விளையாட்டுக் கழகம் என்பது பதினைந்து இளைஞர்கள், இரண்டு மட்டைகள், வரவு செலவு எழுதிய ஒரு கொப்பி; அவ்வளவே. ஆயினும் தோட்டத்தில் ஒரு மரணம் நிகழ்ந்தால் பந்தல் போடுவோரும், மழைக்குப் பாதை சரிந்தால் மண்வெட்டியோடு வருவோரும் பெரும்பாலும் இவர்களே.

இக்கழகங்களின் பயனை வெற்றிக் கிண்ணங்களால் அளப்பவர்கள் விடயத்தை அறியாதவர்கள். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளியை விட்டவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகும்வரை இடையில் ஓராண்டோ ஈராண்டோ கழிகிறது. ஆசிரியரும் இல்லை, முதலாளியும் இல்லை. அவனைத் தேடுவார் எவருமில்லாத காலம் அது. கசிப்பும் தூளும், இப்போது ஐசும், அவனைத் தேடி வருவது அந்த இடைவெளியில்தான். “நேற்று ஏன் விளையாட வரவில்லை?” என்று கேட்க ஓர் அணித்தலைவன் இருப்பது அற்ப விடயமன்று. நீண்டகாலம் செய்தி திரட்டி அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்கும் வேறு நிறுவனம் எதையும் நான் தோட்டங்களில் கண்டதில்லை.

கண்டியில் விளையாட்டைப் பற்றி எழுதும்போது முரளிதரனை விட்டுவிட முடியாது. 2010 ஆம் ஆண்டு காலியில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றவர் மலையகத் தமிழர் என்பது நமக்குப் பெருமையே. ஆனால் பரிசளிப்பு மேடைகளில் லயத்துச் சிறுவனைப் பார்த்து “முரளியைப் பார், நீயும் முயன்றால் முடியும்” என்று அரசியல்வாதிகள் முழங்கும்போது எனக்கு எரிச்சல் உண்டாகிறது. முரளிக்குப் பிஸ்கட் தொழில் நடத்திய தந்தை இருந்தார். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானம் இருந்தது. வேகப்பந்தை விட்டுச் சுழற்பந்து வீசு என்று பதினான்கு வயதிலேயே வழிகாட்டிய சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் இருந்தார். பிறகு கொழும்பில், 1899 இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகம் இருந்தது. திறமை அவருடையதே, அதைத் தாங்கக் கைகள் பல இருந்தன. லயத்துச் சிறுவனுக்கு இவற்றுள் எது இருக்கிறது?

கண்டியில் மைதானங்களுக்குக் குறைவில்லை. அஸ்கிரிய திரித்துவக் கல்லூரியினுடையது. நித்தவெல, 1874 இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் றகர் கோட்டை. பல்லேகலை சர்வதேசப் போட்டிகளுக்குரியது. தோட்டத்துப் பையனுக்கோ தேயிலைச் சரிவின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம். அதில் பந்தை உயர்த்தி அடித்தால் ஆட்டமிழப்பு என்று அவர்களே விதி வகுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டின் நன்மைக்காக அன்று, பந்து பள்ளத்தில் போய்விடும் என்பதற்காக! அந்தத் துண்டு நிலமும் நிரந்தரமன்று. ஜனவசமத் தோட்டமாயினும் கம்பனித் தோட்டமாயினும் துரை மாறினால் அனுமதியும் மாறும்.

முன்னர் பிரதேச சபையிடம் போனால் கிடைத்த பதில், “தோட்டத்துக்குள் செலவிட எங்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை” என்பதாகும். பொய்யில்லை, 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, தோட்டத்துக்கு ஒரு குழாய்கூடப் போட முடியாமல் முப்பது ஆண்டுகள் இருந்தது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே அந்தப் பதில் இனிச் செல்லாது. இருந்தும் தேர்தல் நெருங்கும்போது மட்டையும் பந்தும்தான் வருகின்றன. மட்டை ஒரு பருவத்தில் உடையும். சமப்படுத்திய தரை பேரப்பிள்ளை காலம் வரை கிடக்கும்.

கழகத்துக்கும் கடமை உண்டு. கென்யத் தலைநகர் நைரோபியின் மதாரே சேரியில் 1987 இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், குப்பை அகற்றும் அணிகளுக்குக் காற்பந்துப் போட்டி அட்டவணையில் புள்ளிகள் வழங்கியது. நமது பையன்கள் சிரமதானத்தைப் புள்ளியில்லாமலே செய்கிறார்கள். நம் நாட்டிலேயே, ஹிக்கடுவைக்கு அருகே சீனிகமவில், குஷில் குணசேகர 1999 இல் தொடங்கிய அறநிதியம் கிரிக்கெட் பயிற்சியோடு ஆங்கிலத்தையும் கணினியையும் கற்பிக்கிறது. தெற்குக் கரையில் இயன்றது மலையில் இயலாதா?

இன்னொன்று. நான் மேலே எழுதியதெல்லாம் பையன்களைப் பற்றியது. கழகக் கொப்பியில் பெண் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. வலைப்பந்தாட்டத்துக்கு ஏறத்தாழ 100 அடி நீளமும் 50 அடி அகலமுமுள்ள தரை போதும். எந்தத் தோட்டத்திலும் தொழிற்சாலைக்கு அருகே அவ்வளவு நிலம் அகப்படும். 2025 மே மாதம் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள், தங்கள் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்பதை அறிய விரும்புகிறேன்.