மாடிசன் நகரத்தின் பழைய கடைவீதி குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஓஹையோ நதியின் வடகரையில், இந்தியானா மாநிலத்தில், 1809ஆம் ஆண்டு தோன்றிய மாடிசன் நகரத்தின் பிரதான வீதியிலே, பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு அவ்விடங்களைக் கார் நிறுத்துவதற்கு விட்டால் வியாபாரம் விருத்தியாகும் என்ற அபிப்பிராயத்தை, நல்லெண்ணம் உடையவர்களே சிலர் கொண்டிருக்கிறார்கள். எங்கள் சங்கம் அதை ஏற்கவில்லை. இடிக்கக் கூடாது என்று மறுப்பதோடு எங்கள் கடமை முடிந்துவிட்டதாகவும் நாங்கள் கருதவில்லை. கடைகளுக்கு மேலேயுள்ள மாடிகளில் மனிதர் மீண்டும் குடியேறினாலன்றி, முகப்பை மட்டும் காப்பாற்றி என்ன பிரயோஜனம்?

இக்கட்டடங்கள் தப்பிய விதத்தை முதலில் நினைவுகூர வேண்டும். நதி வாணிபத்தினால் செழித்து, 1847இல் இண்டியானாபொலிஸ் வரை ரயில்பாதையும் பெற்று, பிரான்சிஸ் காஸ்டிகன் என்ற கட்டடக் கலைஞர் 1844இல் கட்டி முடித்த லேனியர் மாளிகையைப் போன்ற வீடுகளால் தன் ஐசுவரியத்தைப் பறைசாற்றிய இவ்வூர், பிற ஊர்களுக்கும் ரயில்பாதைகள் போடப்பட்டு வியாபாரம் அத்திசைகளில் திரும்பியபோது தேங்கிப்போயிற்று. இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால் பழையன நின்றன. முன்னோரின் கலையுணர்வு காத்தது என்று விழா மேடைகளில் சொல்வது செவிக்கு இனிது; ஆனால் பெரும்பாலும் வறுமையே காத்தது. அப்படி எஞ்சியதைத்தான், 133 பிளாக்குகள் கொண்ட ஒரே வட்டாரமாக, தேசியச் சரித்திரச் சின்னம் என்று 2006இல் அரசாங்கம் அங்கீகரித்தது.

இந்த அங்கீகாரமே கட்டடங்களைக் காக்கும் என்பது தவறான நம்பிக்கை. 1973 முதல் இவ்வட்டாரம் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தாலும், தன் சொந்தப் பணத்தில் தன் கட்டடத்தை இடிக்க விரும்பும் உடைமையாளரை அப்பதிவேடு தடுக்காது. தடுக்க வல்லது நகராட்சியின் சட்டமும், அதன்படி இயங்கும் பரிசீலனைக் குழுவுமே. ஆகையால் அக்குழுவின் அதிகாரத்தைக் குறைக்கும் எந்த யோசனைக்கும் நாங்கள் விரோதிகள்.

ஆயினும் உடைமையாளரின் முறையீட்டில் நியாயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங்கல் மென்மையானது; அதன் இணைப்புகளில் சுண்ணாம்புச் சாந்து இருக்கும்வரை உள்ளே புகுந்த ஈரம் அச்சாந்தின் வழியே வெளியேறிவிடும். மலிவையும் சுலபத்தையும் கருதி அவ்விடத்தில் கடினமான சிமென்டைப் பூசினாலோ, வெளியேற வழியில்லாத ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிய, சில வருஷங்களில் செங்கல்லின் முகமே செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். எனவே சுண்ணாம்பைத்தான் உபயோகிக்க வேண்டும் என்று குழு வற்புறுத்துவது சரி. ஆனால் அவ்வேலை தெரிந்த கொத்தனார் அரிதாகிவிட்ட காலத்தில், செலவு முழுவதையும் ஒரு முதியவரின் தலையில் சுமத்துவது சரியன்று. மத்திய அரசாங்கம் தரும் 20 சதவீத வரிச் சலுகை வருமானம் தரும் கட்டடங்களுக்கே உரியது; அதுவும் பெருந்தொகை செலவிடுபவர்களுக்குத்தான் கிட்டும். தம் வீட்டிலேயே வசிப்பவருக்கும், ஒரு ஜன்னலைச் செப்பனிடுபவருக்கும் அதில் இடமில்லை. அந்தக் குறையை நிரப்ப, எளிய நிபந்தனைகளோடு சிறு மானியங்கள் வழங்கும் நிதி ஒன்றை நகராட்சி ஏற்படுத்த வேண்டும்.

மாடிகளைப் பற்றியும் இதையே சொல்வோம். தீ விபத்தில் வெளியேற இரண்டாவது வழியும், தானாக நீர் தெளிக்கும் அமைப்பும் தேவையென்று விதிகள் கேட்குமிடத்தில், குறுகிய கட்டடத்துச் சொந்தக்காரர் தயங்குவது இயல்பே. அடுத்தடுத்த இரு கட்டடங்கள் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொள்ள அனுமதித்தால் அத்தயக்கம் பெரிதும் நீங்கும். கார் நிறுத்தும் இடமோ, பகலில் வாடிக்கையாளருக்கும் இரவில் குடியிருப்போருக்கும் பொதுவாக இருக்கலாம். கடையை இடித்து நிறுத்துமிடம் ஆக்கினால், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஜனங்கள் எந்தக் கடைக்குப் போவார்கள்?

கடைவீதிகளை இடிக்காமல் புதுப்பிக்கும் வழியைச் சோதிப்பதற்கு, சரித்திரப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 1977இல் தேர்ந்தெடுத்த மூன்று ஊர்களில், கேல்ஸ்பர்க், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகியவற்றோடு மாடிசனும் ஒன்று. அச்சோதனையின் அனுபவத்தைக் கொண்டே 1980இல் இதற்கெனத் தேசிய மையம் ஒன்று எழுந்தது. பிற ஊர்கள் இங்கே கற்றுச் சென்ற பாடத்தை நாமே சந்தேகிப்பது விந்தை.

கடைசியாக ஒன்று, ஆனால் அற்பமானதன்று. 2009 மே மாதத்தில் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தைத் தீ தின்றது அலட்சியத்தால் கைவிடப்பட்டதனால் அல்ல, புதுப்பிக்கும் வேலையின்போது பற்றவைத்த நெருப்பினால்தான். ஆகவே இவ்வட்டாரத்தில் கூரையிலோ மரச் சட்டங்களின் அருகிலோ நெருப்பைக் கொண்டு செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் தனி அனுமதி வேண்டுமென்றும், வேலை முடிந்து ஆட்கள் இறங்கிய பின்னும் சில மணி நேரம் ஒருவர் அங்கே காவலிருக்க வேண்டுமென்றும், அந்தக் காவலுக்கான கூலியை மானியத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றும் நகராட்சியைக் கோருகிறோம்.