நிலம், நியமனம், புலமை: பல்கலைக்கழகங்களும் அதிகாரமும்

உப்பளங்களும் வயல்களும் சூழ்ந்திருந்த கேளம்பாக்கம் இன்று உயர்கல்வி நிறுவனங்களின் ஊராகியுள்ளது. செட்டிநாடு, வி.ஐ.டி., இந்துஸ்தான், சிவ நாடார் ஆகிய பெயர்களைத் தாங்கிய நிறுவனங்கள் சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் அண்மையில் எழுந்தமை தற்செயலன்று. நிலமும் தொழில்துறையின் ஆள்தேவையும் அரசின் கொள்கையும் ஒருங்கே கூடியதன் விளைவு அது. பொறியியலும் மருத்துவமும் மேலாண்மையும் இங்கு முன்னிற்பதற்கும் அதுவே காரணம். இத்தகைய சூழலில் தமிழாய்வுக்கு எவரும் தடைவிதிக்க வேண்டியதில்லை. இடம் ஒதுக்காதிருந்தாலே போதும்.

அதிகாரம் பல்கலைக்கழகத்தைக் கட்டளைகளால் மட்டும் ஆள்வதில்லை; அது இயங்கும் நிபந்தனைகளை வகுப்பதன் வாயிலாகவும் ஆள்கிறது. அவற்றுள் முதலாவது நிலம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம் 100 ஏக்கர் நிலத்தைக் கட்டாயமாக்கியது. 2025 அக்டோபரில் நிறைவேறிய திருத்த முன்வரைவு, மாநகராட்சிப் பகுதிகளில் 25 ஏக்கரே போதும் என்றதுடன், இயங்கிவரும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாறவும் வழிவகுத்தது. அரசு உதவிபெறும் கல்லூரிகளின் இடஒதுக்கீடும் ஆசிரியர் பணிப்பாதுகாப்பும் என்னவாகும் எனக் கல்வியாளர்கள் வினவினர். எதிர்ப்பு வலுத்த பின்னரே மறு ஆய்வு அறிவிக்கப்பட்டது. அவ்வினா முன்வரைவு எழுதப்படும்போதே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது நியமனம். 2025 சனவரியில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் வரைவு விதிகள், துணைவேந்தர் தேடுதல் குழுவை அமைக்கும் உரிமையை வேந்தரிடம் அளித்தன. தொழில்துறையினரும் துணைவேந்தராகலாம் என்றன. தமிழ்நாடு சட்டமன்றம் அவற்றை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆளுநரா, மாநில அரசா என்னும் வழக்கு நீதிமன்றம் ஏறியது. இதற்கிடையே சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் வெறுமையான துணைவேந்தர் இருக்கை ஈராண்டு கடந்தும் நிரம்பவில்லை. இரு தரப்பும் உரிமை பேசின. ஆசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் அந்நியமனத்தில் உரிய பங்கு யாது என்பது பேசுபொருளாகவில்லை.

தனியார் செல்வம் புலமைக்குப் பகை எனப் பொதுமைப்படுத்துதல் பிழை. அண்ணாமலை அரசர் 1929இல் தோற்றுவித்த பல்கலைக்கழகத்திலேயே சோமசுந்தர பாரதியார் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அதே பல்கலைக்கழகம் நிதி நெருக்கடிக்குள்ளானபோது 2013இல் அரசு தனிச் சட்டம் இயற்றி ஏற்க நேர்ந்தது. ஆகவே, பணம் எவருடையது என்பதோடு வினா முடிவதில்லை. அதற்கான கணக்கை எவர் கேட்கலாம் என்பதே அடிப்படை வினா.

அதியமான் தன்னை நேரில் காணாது அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் காட்டுகிறது. புரவலரைச் சார்ந்து வாழ்ந்த புலவர்க்கும் மதிப்பின்றி வந்த கொடையை மறுக்கும் உரிமை இருந்தது. இன்றைய ஆய்வாளர்க்கு அவ்வுரிமையைத் தனிமனிதத் துணிவு மட்டும் ஈட்டித் தராது; சட்டமே உறுதிசெய்ய வேண்டும். பல்கலைக்கழகச் சட்ட முன்வரைவுகள் பொதுக் கருத்துக்கு முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். ஆட்சிக்குழுவிலும் தேடுதல் குழுவிலும் ஆசிரியர் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இடம்பெற வேண்டும். புதிய தனியார் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தமிழாய்வுத் துறையொன்றை நிறுவுவது அனுமதிக்கான நிபந்தனையாக வேண்டும். மூலத்தையும் உரையையும் சொல் சொல்லாக ஆராயப் பழகிய தமிழ்த் துறைகள், தம் எதிர்காலத்தை எழுதும் சட்டங்களையும் அவ்வாறே வாசிக்கத் தொடங்குதல் காலத்தின் தேவை.