மட்காட்டை நிரப்பவா ரயர்?

வைட்பாடி கிற் பூட்டின காரைக் கண்டால் எல்லாரும் மட்காட்டைத்தான் பார்க்கினம். பார்க்க வேண்டியது ரயரின் பக்கச்சுவரில் இருக்கிற இலக்கத்தை. பொய் அங்கதான் பிடிபடும்.

மட்காட் வீங்கினதுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1970களில் குரூப் 5 பந்தயங்களில் ஓடிய போர்ஷ 935ஐ எடுங்கோ. எஞ்சினின் பலத்தை றோட்டில் இறக்க அகலமான ரயர் வேண்டியிருந்தது. அந்த ரயரை மூடத்தான் மட்காட் அகன்றது. 1979இல் லீ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றதும் ஒரு 935தான். இப்ப வரிசை தலைகீழ். முதலில் கிற், பிறகு அந்த ஓட்டையை நிரப்ப றிம், மிஞ்சின காசுக்கு ரயர்.

கிற்காரருக்குச் செல்லமான டொயோட்டா 86ஐயே பார்ப்பம். 2012இல் வந்தபோது 200 குதிரைவலு. கொம்பனி போட்டது 17 அங்குல றிம், அகலம் 7, ஓஃப்செட் +48, ரயர் 215/45. இதுக்கு மட்காட்டை ஒரு பக்கம் 55, 60 மில்லிமீற்றர் அகட்டிப்போட்டு, 10.5 அங்குல அகல றிம்மில் 225/40 ரயரை இழுத்து ஏத்தினால் படம் வடிவாத்தான் வரும். ஆனால் 18 அங்குலத்தில் அந்த அளவு ரயர் 7.5 தொடக்கம் 9 அங்குல அகல றிம்முக்கு எண்டு செய்தது. அதுக்கு மேல இழுத்தால் பக்கச்சுவர் சரிஞ்சு நிக்கும். கிடங்கில விழுந்தால் அடி நேரே றிம்முக்கு. காற்றுக் குறைந்த நேரம் வளைவில் வெட்டித் திருப்பினால் ரயர் றிம்மை விட்டுக் கழரவும் கூடும். இவ்வளவுக்கும் றோட்டைத் தொடுற ரப்பர் கூடினதா? இல்லை, அதே 225தான்.

சரி, பெரிய ரயரே போடுறன் எண்டால்? 18 அங்குலத்தில் 9.5 அகல றிம், ஓஃப்செட் +22. வெளி விளிம்பு கிட்டத்தட்ட 58 மில்லிமீற்றர் வெளியே வரும், உள் விளிம்பு 6 மில்லிமீற்றர் உள்ளே போகும். அந்த ஆறுக்கு சஸ்பென்ஷன் இடம் விடுமோ எண்டு அளக்காமல் ஓடர் குடுக்கிறவைதான் கூட. இந்த றிம்முக்கு 265/35 பொருந்தும். ஆனால் விட்டம் 625இலிருந்து 643 மில்லிமீற்றருக்கு ஏறும். ஸ்பீடோமீற்றரின் 100, றோட்டில் கிட்டத்தட்ட 103. இழுவையும் மந்தமாகும். 200 குதிரைக்கு இந்தப் பாரம் ஏன்?

என்னைக் கேட்டால் 17 அங்குலத்திலேயே நிற்கலாம். 9 அங்குல அகல றிம், 245/40 ரயர். விட்டம் 628, கொம்பனி அளவோட மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம். அகட்டின மட்காட்டின் விளிம்புக்கு வரவேணுமெண்டால் ஓஃப்செட் +16 அளவில் எடுக்கவேணும். அப்ப ரயரின் நடு 32 மில்லிமீற்றர் வெளியே போகும். ஸ்டியரிங் பாரமாகும், பெயரிங்குக்கும் சுமை. பகிடி என்னெண்டால், இதே ரயர் +42 ஓஃப்செட்டில், கொஞ்சம் கம்பர் சரிசெய்தால், வெட்டாத மட்காட்டுக்குள்ளயே அடங்கிவிடும்.

“இது கலை, சும்மா காட்சிக்கு” எண்டு சொல்லுவினம். காட்சிக்கெண்டால் லொறியில ஏத்திக்கொண்டு போய் மேடையில இறக்குங்கோ, கைதட்ட நானும் வாறன். மழை றோட்டில, சைக்கிளில போற ஆளுக்குப் பக்கத்தால நூறில ஓட்டிக்கொண்டு போய்ப்போட்டு கலையெண்டு சொல்லாதேங்கோ.